கணு 40117

ஒத்தக்கடையில், இரும்புக்கடை மாடியில்
ஒரு போர்க்கப்பல் மிதக்கிறது.
தண்ணி எங்கம்மா என்றார்
கேன் போட வந்த ராக்கப்பன்.
திரையைக் காட்டினேன்:
நீலம் பூசிய பதினெட்டு லட்சம் கட்டங்கள்.
"இதுல ஒரு வாய் குடிக்க முடியுமா?"
முடியாது.
அழுத்தினால் திருப்பி அடிக்கும், அவ்வளவுதான்.
எங்களுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

வெடி கப்பலைத் தொடுவதில்லை.
அடியில், சற்றுத் தள்ளி, தனியே வெடிக்கிறது.
முதலில் அதிர்வலை.
தகட்டை ஓர் அறை அறைந்துவிட்டுப் போய்விடும்.
சில மில்லிநொடிகள்.
அதைக் கணக்கிட எங்கள் கணினிகளுக்கு
ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும்,
நடுவில் மின்வாரியமும் மனது வைக்க வேண்டும்.

பிறகு குமிழி.
வாழ்க்கை நீர்க்குமிழி என்று
இழவு வீட்டில் யாராவது சொல்வார்கள்,
ஊதினால் போய்விடும் என்கிற அர்த்தத்தில்.
இந்தக் குமிழியை அவர்கள் பார்த்ததில்லை.
விரிந்து கப்பலின் இடுப்பைத் தூக்கும்.
அளவுக்கு மீறி விரிந்ததால் உள்ளே வெறுமையாகி
சுருங்கும்,
தூக்கியதைக் கீழே இழுக்கும்.
மறுபடி விரியும்.
நீளமான எதற்கும் சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு.
குமிழியின் தாளம் அதோடு சேர்ந்துகொண்டால்
ஏரா முறியும்.
ஏரா என்பது கடற்கரைக்காரர்களின் சொல்.
எங்கள் கோப்பில் அது பாகம் ஒன்று.

மேலூர்ப் பக்கம் கல்குவாரியில்
மத்தியானம் ஒன்றேகாலுக்கு வெடி.
முதலில் டம்ளர்த் தண்ணீரில் வளையம்,
அப்புறம்தான் ஜன்னலில் சத்தம்.
மண், காற்றைவிட வேகமாகச் சேதி சொல்லும்.
அங்கே திரி வைக்குமுன் ஒருவன் துண்டை வீசி
"வெடியோய் வெடி" என்று மூன்று தரம் கத்துவான்.
ஆடுகூட ஒதுங்கிவிடும்.
எங்கள் கோப்பில்
நேரம் பூஜ்யம் என்று ஒரு வரி.

கணு 40117,
இயந்திர அறையில் இடதுபுற நாற்காலி.
அதில் யாரும் உட்காரவில்லை.
எண்பது கிலோ நிறை
ஒரு புள்ளியில் கட்டப்பட்டிருக்கிறது.
கழுத்து இல்லை. முழங்கால் இல்லை.
ஆறாவது ஓட்டத்தில் அது வரம்பைத் தாண்டியது,
கொஞ்சம்தான்.

விசாகப்பட்டினத்திலிருந்து போன்.
குரலில் ரொம்ப மரியாதை.
"தணிப்பு எண்ணை ரெண்டுலேர்ந்து மூணாக்கிப் பாருங்களேன்.
நிஜக் கப்பல்ல பெயிண்ட் இருக்கும், கேபிள் இருக்கும்,
எல்லாம் கொஞ்சம் உறிஞ்சிக்கும்."
அவர் சொன்னது பொய்யுமில்லை.
அதுதான் சங்கடம்.
நான் இரண்டு போட்டதற்கும்
பெரிய சாட்சி எதுவும் கிடையாது.

மூன்று போட்டேன்.
இரவுக் காவல் ஜெயசீலி.
காலையில் நாற்காலி பச்சையாக இருந்தது.
ஜன்னலில் யானைமலை
யாரிடமும் எந்த எண்ணும் கேட்காமல் படுத்திருந்தது.

எண்பது கிலோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்கு ஐம்பத்தெட்டு.
ஒரு குறுகுறுப்பில் ஐம்பத்தெட்டு போட்டு,
பழைய இரண்டோடு ஓட்டினேன்.
இந்த நாற்காலியில் எடை குறைந்தால் உதறல் கூடும்.
நான் இன்னும் மோசமாக எறியப்பட்டேன்.

அறிக்கையில் இரண்டு வரைபடமும் வைத்தேன்,
அடுத்தடுத்த பக்கங்களில்.
எது உங்கள் கப்பல் என்று எனக்குத் தெரியாது என்பதை
அறிக்கை நடையில் எழுத ஒரு மணி நேரம் ஆனது.
மூன்றாவது வரைபடத்தைத் தனியே சேமித்தேன்.
பெயர் கேட்டது கணினி.
இனிஷியல் போட்டேன்.

ஒன்றேகால்.
டம்ளரில் வளையம்.
காலி கேனைத் தோளில் ஏற்றியபடி ராக்கப்பன்
"கப்பல் என்னம்மா ஆச்சு" என்றார்.
மூணு தரம் வெடிச்சோம் என்றேன்.
"முழுகிருச்சா?"
தெரியாதுண்ணே.
ஒன்றரை நொடிக்குத்தான் ஒப்பந்தம்.
அதற்கப்புறம் எங்களிடம் கடல் இல்லை.